கல்லில் உருவும் எழுத்தும்

‘எழுத்து’ என்றவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது அரிச்சுவடி. ஆனால் தமிழில் எழுதுதல் என்பது வரைதலையும் குறிக்கும். ஓவியம் எழுதினான் என்பதே பழைய வழக்கு. கண்ணுக்கு மை எழுதுதலும் அவ்வழக்கின் எச்சமே. இடுக்கி மாவட்டத்து மறையூர்ப் பக்கத்தில், பழங்கால மக்கள் உருவங்களைத் தீட்டி வைத்த பாறையிடம் ஒன்றை ‘எழுத்துக் குகை’ என்றே மக்கள் வழங்குகின்றனர். அவர்களுக்கு உருவமும் எழுத்தே.

மக்கள் நாவில் ஒன்றாயிருக்கும் இவ்விரண்டையும் ஆய்வுலகம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கின்றது. சிற்பத்தைச் சுவைப்போர் உருவத்தின் நெளிவையும் நிலையையும் வியந்து, அதன் அடியிலுள்ள எழுத்தைக் கடந்து போகின்றனர். கல்வெட்டை ஆய்வோர் எழுத்தைப் படியெடுத்துக்கொண்டு, அதன் மேலுள்ள உருவத்தை மறந்து போகின்றனர். ‘நல்ல சிற்பம் தானே பேசும்; அதற்கு எழுத்தின் துணை எதற்கு?’ என்பது முன்னவர் வாதம். ‘சிற்பம் கற்பனை, எழுத்தே சான்று’ என்பது பின்னவர் வாதம். இரண்டும் பாதி உண்மைகளே என்பது என் கருத்து. இடைக்காலத் தமிழகத்தில் உருவும் எழுத்தும் சேர்ந்தே ஒரு செய்தியைச் சொல்லின. ஒன்றைப் பிரித்தால் மற்றதும் குறைப்படும். இதனைச் சில சான்றுகளால் காண்போம்.

நடுகல் கூறும் பாடம்

உருவமே இல்லாத எழுத்திலிருந்து தொடங்குவது நலம். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில் வையைக் கரையிலுள்ள புலிமான்கோம்பையில், 2006ஆம் ஆண்டு தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் மூன்றைக் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்று, கூடலூரில் நிகழ்ந்த ஆகோள் பூசலில், அதாவது ஆநிரை கவர்ந்த போரில், பட்ட அந்தவன் என்பானுக்கு எடுத்த கல். கூடலூர் என்றதும் குமுளி மலையேறிப் பழகிய நம்மவர் உள்ளம் கம்பம் பள்ளத்தாக்கின் கூடலூருக்கே செல்லும். அஃது இதுவேயா என்பது ஆய்வுக்குரியது. இக்கற்களில் வீரனின் உருவம் இல்லை. பெயரும் ஊரும் செயலுமே உள்ளன. நினைவைக் காக்க எழுத்து மட்டுமே போதும் என்று அக்காலத்தவர் கருதினர் போலும்.

பல நூற்றாண்டுகள் கழிந்தபின் பல்லவர் காலத்துத் தொண்டை நாட்டில் நடுகல்லைக் காணும்போது, எழுத்தோடு உருவமும் வந்து சேர்ந்திருக்கின்றது. செங்கம் வட்டார நடுகற்களை இரா. நாகசாமி அவர்கள் தொகுத்து 1972இல் நூலாக்கினார். அத்தொகுதியில் எடுத்தனூர்க் கல் தனிச்சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் நடப்பெற்றது. வில்லும் வாளுமாக நிற்கும் வீரன் ஒருவன். அவனருகே ஒரு நாய். எழுத்தை மறைத்துவிட்டுப் பார்ப்போமாயின் அந்நாயைச் சிற்பியின் அலங்காரம் என்றோ, வேட்டைத் துணை என்றோ எண்ணிவிடுவோம். எழுத்தோ வேறு கூறுகின்றது. வீரன் கருந்தேவகத்தி எருமைகளைக் காக்கும் பூசலில் மடிந்தான். கோவிவன் என்னும் அவன் நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்பது செய்தி.

ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நம்மிடம் நிலைத்திருக்கின்றது. எழுத்து இல்லையேல் அந்நாய்க்குப் பெயரில்லை. உருவம் இல்லையேல் அப்பெயருக்கு முகமில்லை. இரண்டும் இணைந்தபோதுதான், தன் நாயையும் வீரரோடு ஒப்ப மதித்த ஒரு சமுதாயம் நமக்குத் தெரிகின்றது. சிற்பம் தானே பேசும் என்போர் எடுத்தனூர்க் கல்லின்முன் சிறிது நின்று பார்க்க வேண்டும்.

ஒரே உருவம், வெவ்வேறு பெயர்கள்

நடுகல்லில் உருவம் ஆளுக்கு ஆள் வேறுபடும். வேறுபாடே இல்லாத உருவங்களில் எழுத்துக்கு என்ன வேலை? இதற்கு விடை நம் எல்லைப்புறத்துச் சமணக் குன்றுகளில் உள்ளது.

கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்தில், கருப்பணசாமி கோயிலை ஒட்டிய பாறையில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்றுள்ளன. அவற்றின் அருகே வட்டெழுத்துப் பொறிப்புகள் உண்டு. நாகப்படம் குடை விரித்த பார்சுவநாதரைத் தவிர, ஏனையோரைப் பிரித்தறிவது எளிதன்று. அமர்ந்த நிலை, மூடிய இமை, முக்குடை என யாவும் ஒன்றே. துறவின் இலக்கணமே வேறுபாடற்றிருத்தல் அன்றோ! ஆகவே அங்குள்ள எழுத்து பெரும்பாலும் வணங்கப்படுவோரின் பெயரைக் கூற முனையவில்லை; செய்வித்தவர் பெயரையே கூறுகின்றது. அவ்வாறு அறியப்படும் பெயர்களுள் ஒன்று அச்சணந்தி. மதுரையைச் சூழ்ந்த குன்றுகள் பலவற்றிலும், தெற்கே சிதறாலிலும் இதே அச்சணந்தியின் பெயர் காணப்படுகின்றது. ஊர் ஊராக நடந்து பாறைதோறும் திருமேனி செய்வித்த ஓர் ஆசிரியரின் வாழ்க்கைப் பயணத்தை அச்சிறு பொறிப்புகளே நமக்கு வரைந்து காட்டுகின்றன. உருவங்களை மட்டும் நோக்கின், ஒரே வகைச் சிற்பம் பல இடங்களில் உண்டு என்ற அளவோடு நின்றுவிடுவோம்.

கோவில்பட்டியை அடுத்த கழுகுமலையில் இவ்வழக்கு உச்சநிலை அடைகின்றது. பாறை முழுதும் அடுக்கடுக்காகத் தீர்த்தங்கரர்; ஒவ்வொன்றின் அடியிலும் இன்னார் ‘செய்வித்த திருமேனி’ என்னும் வட்டெழுத்து. செய்வித்தோருள் குரவர்களும் உண்டு. குரத்தியர் என்னும் பெண் ஆசிரியர்களும் உண்டு. தச்சரும் கொல்லரும் வேட்கோவரும் உண்டு. திருச்சாரணத்து மலையிலிருந்து, இன்றைய சிதறாலிலிருந்து, குரத்தியர் இவ்வளவு தொலைவு வந்து திருமேனி செய்வித்துள்ளனர். பாண்டியர் காலத்தில் பெண்கள் சமயம் கற்பித்தனர் என்பதை எந்தச் சிற்பமும் உருவாகக் காட்டவில்லை. சிற்பத்தின் அடியிலுள்ள ஒற்றை வரியே அதனைக் கூறுகின்றது.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. பழனிக்கு அருகே ஐவர்மலையில், சக ஆண்டு 792இல், அதாவது கி.பி. 870இல், பாண்டியன் வரகுணனின் 8ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு ஒன்று உண்டு. சாந்திவீரக் குரவர் பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கி, வழிபாட்டிற்காக 505 காணம் பொன் அளித்தார் என்று அது கூறுகின்றது. அக்கல்வெட்டே இரண்டாம் வரகுணன் கி.பி. 862இல் அரியணை ஏறினான் என்று கணிக்க உதவிற்று. ஆயினும் கலை விமரிசகர் கவனிக்க வேண்டிய சொல் ‘புதுக்கி’ என்பதே. புதுக்கினார் எனின், உருவம் அதற்கு முன்பே இருந்தது. கல்வெட்டின் ஆண்டையே சிற்பத்தின் ஆண்டாகக் கொள்வது பிழையாகும். அலுவலகக் கோப்புகளோடு நாள் கழிக்கும் என்னைப் போன்றோர்க்கு இது புதிதன்று. தாள் ஒரு நாளுக்குரியது. அதன் மேலுள்ள குறிப்பு வேறொரு நாளுக்குரியது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் கோப்பின் வரலாறே திரிந்துவிடும்.

பெயர் இட்டும் தீராத ஐயம்

எழுத்து இருந்தால் எல்லாம் தெளிந்துவிடும் என்று கருதுவாரும் உளர். அவர்களை மாமல்லபுரத்திற்கு அழைத்துச் செல்லலாம்.

தருமராச இரதத்தின் சுவர்களில் உருவங்களின் பக்கத்தே பல்லவ கிரந்தத்தில் சொற்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. புதிதாகக் காண்போர் அவை அத்தெய்வங்களின் பெயர்கள் என்றே நினைப்பர். படித்தால் அவை மன்னனின் விருதுப் பெயர்கள் என்பது விளங்கும். தெய்வத்தின் அருகே அரசன் தன் பெயரை நிறுத்தியிருக்கின்றான். இது பக்தியா, பெருமிதமா என்பது ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது. எழுத்து இங்கே உருவத்தை விளக்க வரவில்லை. உருவத்தின் புகழில் பங்கு கேட்க வந்துள்ளது.

ஆதிவராகக் குகையில் நிலைமை வேறு. இரு அரசர் தத்தம் தேவியருடன் காட்சியளிக்கின்றனர். ஒருவர் அமர்ந்திருக்கின்றார்; மற்றவர் நிற்கின்றார். சிம்மவிஷ்ணு என்றும் மகேந்திரன் என்றும் மேலே தெளிவாகவே பொறித்துள்ளனர். எனினும் அறிஞரிடையே வாதம் ஓயவில்லை. பல்லவர் மரபில் மகேந்திரன் என்ற பெயருடையார் ஒருவர் அல்லர்; சிம்மவிஷ்ணு என்பது எவரைக் குறிக்கும் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. பெயரை எழுதியவர்க்கு எந்த மகேந்திரன் என்று கூறத் தோன்றவில்லை. அவர் காலத்தில் அனைவர்க்கும் அது தெரிந்ததே. எழுத்து தன் காலத்து வாசகனை நம்பியே எழுதப்படுகின்றது. அவன் மறைந்தபின் அதற்கும் உரை தேவைப்படுகின்றது.

இதே மாமல்லபுரத்தின் பெரும்பாறைச் சிற்பத்திற்குப் பெயர்ப் பொறிப்பு இல்லை. ஒற்றைக்காலில் நிற்கும் முனிவன் பாசுபதம் வேண்டிய அருச்சுனனா, கங்கையைக் கொணர்ந்த பகீரதனா என்ற வழக்கு இன்றும் தொடர்கின்றது. யானைக் கூட்டத்தின் அழகையோ, தவம் செய்யும் பூனையின் நகைச்சுவையையோ அவ்வழக்கு சிறிதும் குறைக்கவில்லை. ஆகவே எழுத்தில்லாத சிற்பம் சிறப்பற்றது என்று யான் கூறவில்லை. எழுத்தில்லாதபோது நாம் எதை இழக்கின்றோம், எழுத்து இருந்தும் எதை அறியாது போகின்றோம் என்று கணக்கிடுவதே திறனாய்வின் கடமை என்பேன்.

சோழர் கண்ட வழி

உருவையும் எழுத்தையும் திட்டமிட்டு இணைத்தவர் சோழர். கோனேரிராசபுரம் என இன்று வழங்கும் திருநல்லத்தில், தம் கணவர் கண்டராதித்த தேவரின் பெயரால் செம்பியன் மாதேவியார் கற்றளி எடுப்பித்தார். அதன் சுவரில் அரசர் இலிங்கத்தை வணங்கும் காட்சி உள்ளது. அவர் திருநல்லமுடையாரைத் திருவடி தொழுவதாக அமைத்தது என்று அடியில் எழுத்து விளக்குகின்றது. கணவர் மறைந்தார், மகன் உத்தமசோழன் ஆள்கின்றான், அக்காலத்தில் ஓர் அரசமாதேவி தம் கணவரை இறைவன்முன் என்றென்றும் நிற்க வைத்திருக்கின்றார். எழுத்தை நீக்கினால் அது யாரோ ஓர் அடியவரின் உருவம். எழுத்தோடு படிக்கும்போது அது ஒரு பெண்மணியின் உள்ளம். அக்கோயிலை எடுப்பித்த பணியை முன்னின்று நடத்திய சாத்தன் குணபத்தன் என்பாருக்கும் அங்கே உருவும் எழுத்தும் உண்டு. அவர் பெற்ற பட்டமும் பொறிக்கப்பெற்றுள்ளது. கட்டியவர் பெயர் தெரியாத கோயில்கள் நிறைந்த நாட்டில் இஃது அரிய செய்தி.

தஞ்சை இராசராசேச்சரத்தில் எழுத்து இன்னொரு பணியையும் செய்கின்றது. மன்னனும் அவன் தமக்கை குந்தவையாரும் பிறரும் அளித்த செப்புத் திருமேனிகளை அக்கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக விவரிக்கின்றன. கோயிலின் முழக்கோலால் அளந்து முழம், விரல் எனக் கணக்கிட்டு, கைகள் எத்தனை, பீடம் எவ்வகை, உடன் நிற்போர் யாவர் என்று குறித்துள்ளனர். குந்தவையார் தம் தந்தையார்க்கும் தாயார்க்கும் எழுந்தருளுவித்த உருவங்களும் அக்கணக்கில் உண்டு. சண்டேசுவரர் வரலாற்றைக் காட்டும் தொகுதி ஒன்றில், நிலத்தில் வீழ்ந்து கிடக்கும் தந்தையின் உருவமும் இறைவன் அளித்த மாலையும் கூட எண்ணப்பட்டுள்ளன. அத்திருமேனிகளுள் பெரும்பாலானவை இன்று இல்லை. எழுத்து மட்டும் நிற்கின்றது. அதனைப் படித்தே அச்சிற்பங்களை நாம் மனக்கண்ணில் வார்த்துக் கொள்கின்றோம். புலிமான்கோம்பையில் உருவம் வேண்டப்படவில்லை. தஞ்சையில் உருவம் களவு போயிற்று. இரண்டிடத்தும் எஞ்சியது எழுத்தே.

தாராசுரத்தில், 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த ஐராவதேசுவரத்தில், நாயன்மார் வரலாறுகள் விமானத்தின் அடித்தளத்தில் சிறுசிறு சிற்பங்களாக ஓடுகின்றன. மேலே பெயர்கள் சுருக்கமாகப் பொறிக்கப்பெற்றுள்ளன. சேக்கிழார் பெருமான் பெரியபுராணம் பாடிச் சில காலமே ஆகியிருந்தது. கதை ஊரார்க்குத் தெரியும். ஆதலின் பெயர் ஒன்றே போதுமாயிற்று. முதலை வாயினின்று பாலகன் மீளும் காட்சியைக் கண்டவுடன் அவிநாசியும் சுந்தரரும் நினைவுக்கு வருவர். இங்கே சிற்பம், எழுத்து, கேட்ட கதை ஆகிய மூன்றும் கூடியே பொருள் முழுமை பெறுகின்றது. கதையை இழந்த தலைமுறைக்குப் பெயர் மட்டும் எவ்வளவு உதவும் என்பது நாம் கவலையோடு எண்ண வேண்டிய வினா.

தில்லைக் கோபுரங்களில் எழுத்து ஆசானாகவே அமர்ந்திருக்கின்றது. கிழக்கு, மேற்குக் கோபுர வாயில்களில் ஆடற்கரணங்களின் சிற்பங்களோடு, பரத முனிவரின் நாட்டிய சாத்திரத்து வடமொழி இலக்கணம் கிரந்த எழுத்தில் பொறிக்கப்பெற்றுள்ளது. தஞ்சை விமானத்தின் மேல்தளத்திலும் கரணங்கள் உண்டு. 108இல் 81 முடிந்துள்ளன. எஞ்சிய 27 கற்கள் வெறுமையாகவே நிற்கின்றன. தஞ்சைச் சிற்பங்களுக்குப் பெயர் பொறிக்கவில்லை. நூல் வரிசையும் தில்லையின் பொறிப்புகளுமே அவற்றை இனங்காண நமக்குத் துணையாகின்றன. ஓரிடத்துச் சிற்பத்தை ஐம்பது கல் தொலைவிலுள்ள எழுத்து விளக்குகின்றது எனின், அவ்வெழுத்தின் பயன் அக்கோபுரத்தோடு முடியவில்லை என்பது தெளிவு.

எல்லையில் வாழும் நமக்கு

இவையெல்லாம் சோழ நாட்டுச் செய்திகள். மலைக்கு இப்பால் பிழைக்க வந்த நமக்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் வினவலாம். ஆவது உண்டு.

பாலக்காட்டு ஆலத்தூருக்கு அருகே கோதபுரத்தில் மகாவீரர், பார்சுவநாதர் சிலைகளும் வட்டெழுத்துக் கல்வெட்டும் கிடைத்துள்ளன. பாலக்காட்டு நகரின் சைனமேடு பெயரிலேயே பழமையைத் தாங்கி நிற்கின்றது. வட்டெழுத்து பாண்டிய நாட்டிலும் சேரநாட்டிலும் ஒருங்கே வழங்கிய எழுத்து. அதனைத் தமிழர்க்கே உரியது என்றோ மலையாளிகட்கே உரியது என்றோ பங்கிடுவது பொருந்தாது. உத்தமபாளையத்துப் பாறையையும் ஆலத்தூர்க் கல்லையும் எழுதியோர் ஒரே நெடுங்கணக்கைப் பயின்றோரே.

இடுக்கியின் எல்லைமலையில் உள்ள மங்கலதேவி கோட்டத்தை நம்மவர் நன்கறிவர். ஆண்டுக்கொரு நாள், சித்திரைப் பௌர்ணமியன்று, குமுளி வழியே மலையேறிச் செல்கின்றோம். இதுவே செங்குட்டுவன் எடுத்த கண்ணகி கோட்டம் என்று பேராசிரியர் சி. கோவிந்தராசனார் 1963இல் அறிவித்தார். கொடுங்கல்லூரே அவ்விடம் என்போரும் உளர். கோயில் எம்மாநிலத்ததென்ற வழக்கும் நீளுகின்றது. பத்தினிக்குக் கல் கொணர்ந்து நீர்ப்படை செய்த வரலாற்றைச் சிலப்பதிகாரம் விரித்துரைக்கின்றது. தேவியின் பெயர் பொறித்த திருமேனி ஒன்று நம் கைக்குக் கிட்டியிருப்பின், இவ்வளவு வாதங்களுக்கு இடமிராது. எழுத்து அற்ற உருவம் எத்தனை உரிமைக் கோரிக்கைகளுக்கு ஆளாகும் என்பதற்கு நம் கண்முன் உள்ள சான்று இது.

ஆகவே எழுத்தையும் உருவையும் சேர்த்தே காக்க வேண்டும். சேர்த்தே படிக்க வேண்டும். திருவிதாங்கூர்த் தொல்லியல் துறைக்குத் தலைமை தாங்கிய டி. ஏ. கோபிநாத ராவ் அவர்கள் 1914 முதல் 1916 வரை வெளியிட்ட திருமேனி இலக்கண நூல்கள் இன்றும் பயிலப்படுகின்றன. அவரே கல்வெட்டுகளையும் படித்துப் பதிப்பித்தவர். ஒருவரே இரண்டும் கற்றல் இயலாததன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று. திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பு பூசுவோரும், மணல் வீச்சால் கல்லைச் சுரண்டுவோரும், எழுத்தை மட்டுமா அழிக்கின்றனர்? அதன் மேலுள்ள உருவையும் ஊமையாக்குகின்றனர்.

நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. பிள்ளைகள் பள்ளியில் மலையாளமே கற்கின்றனர். தமிழ் எழுத்துத் தடுமாறுகின்றது என்பதே அது. குறை உண்மையானதே, தமிழை வீட்டிலேனும் கற்பித்தே ஆக வேண்டும். ஆயினும் அதில் நாம் காணாத ஒரு பேறும் அடங்கியிருக்கின்றது. மலையாள எழுத்துப் பெரிதும் கிரந்தத்தின் வழிவந்தது. தில்லைக் கோபுரத்தில் பரதரின் இலக்கணம் பொறித்த கிரந்த எழுத்தின்முன் தமிழ் மட்டும் கற்ற பிள்ளை திகைத்து நிற்கும். மலையாளமும் கற்ற நம் பிள்ளை பல எழுத்துகளைத் தானே இனங்கண்டுவிடும். தமிழும் மலையாளமும் அறிந்த எல்லைப்புறத்துப் பிள்ளைக்குத் தாராசுரத்துத் தமிழும் தில்லைக் கிரந்தமும் சிறிது பயிற்சியில் கைவரும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, கோயிலில் வழிபாடு முடிந்ததும் பிள்ளைகளைச் சுவரருகே அழைத்துச் செல்லுங்கள். உருவத்தைக் காட்டுங்கள், அடியிலுள்ள எழுத்தில் தெரிந்த ஓரெழுத்தையேனும் படிக்கச் சொல்லுங்கள். கோவிவன் என்னும் நாயின் கதையையும் கூறுங்கள்.